சுவிஸ்காரர் வீட்டு மாடியில்

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் எழுதவேண்டிய ஆய்வுக்குத் தலைப்பு எடுத்துக்கொண்டு என் மகள் வீட்டுக்கு வந்தபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்குக் குடிவந்த சுவிஸ்காரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், உக்ரேனியரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள்? என்ன வீடு, என்ன படிப்பு, என்ன வேலை, தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்ன போய்ச் சேர்ந்தது? இவற்றை ஒப்பிட்டு எழுதவேண்டுமாம்.

"ஏன் பிள்ளை, எங்கடை ஆக்களைப் பற்றி எழுதினால் என்ன?" என்று கேட்டேன்.

"பேராசிரியர் வேண்டாமெண்டிட்டார் அம்மா. சொந்த ஆக்களைப் பற்றி எழுதினால் தூரத்திலை நிண்டு பாக்க ஏலாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த நாள் முதலாய் எங்களைத் தூரத்தில் நிறுத்தி வைத்தே பழகியவர்கள், இப்போது என் பிள்ளைக்குத் தூரம் போதாது என்கிறார்கள்.

அவளுக்கு இரண்டு பக்கத்திலும் கதைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். சுவிஸ் பக்கத்துக்குத் தேடித் திரியவேண்டியதில்லை. நாங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரரே சுவிஸ் வழி வந்தவர்தான். கீழ்த்தளத்தில் அவர், மேல்மாடியில் நாங்கள். இருபத்தொரு வருடங்கள்.

அந்த வீடு கிடைத்த கதையைச் சொல்லவேண்டும். நாங்கள் இருப்பது ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணம். அகதி முகாமை விட்டு வெளியே வந்து வீடு தேடினபோது, தொலைபேசியில் என் கணவருடைய குரலைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்பார்கள். அதே வீட்டுக்கு ஜெர்மன்காரச் சிநேகிதர் ஒருவர் அடுத்த நிமிடம் எடுத்தால் வீடு இருக்கும். இவர் மட்டும்தான் நேரில் வாருங்கள் என்றார். கதவைத் திறந்து கைகொடுத்து, "என் தாத்தாவும் வெளிநாட்டுக்காரர்தான். நானும் உங்களைப் போலத்தான்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வசனத்தை எத்தனையோ தரம் சொல்லியிருப்பார். படியில் கண்டால் சொல்வார். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தால் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவேன்.

உக்ரேனியப் பக்கத்துக்கும் எனக்கு ஒரு ஆள் தெரியும். ஆனால் அது எனக்குத் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் துணி மடித்தவள் ஒருத்தி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. எனக்குக் கை வலித்தால் ஈரப் போர்வைகளைத் தான் தூக்கிக்கொண்டு போவாள். தன் பெற்றோர், போருக்குப் பிறகு போலந்தோடு சேர்ந்துபோன சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மன்காரர் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

உக்ரேனில் போர் தொடங்கிய வசந்தத்தில், எங்கள் இல்லத்தின் காலியாயிருந்த ஒரு பக்கத்தில் அங்கிருந்து வந்த பெண்களையும் பிள்ளைகளையும் இருத்தினார்கள். ஒருநாள் ஒரு தாய் கைக்குழந்தையோடு எங்கள் அறைக்கு வந்து என்னவோ கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கையால் காட்டினாள், அதுவும் விளங்கவில்லை. அப்போது எனக்குப் பின்னால் நின்ற என் சிநேகிதி, மடித்துக்கொண்டிருந்த துவாயை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மொழியிலேயே பதில் சொன்னாள். மெதுவாக, சொற்களைத் தேடித் தேடி. அந்தப் பெண் வாயில் கைவைத்து அழத் தொடங்கிவிட்டாள்.

அவள் போனபின் நான் ஒன்றும் கேட்கவில்லை. சிநேகிதிதான் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

"என் அம்மா உக்ரேனியப் பெண். இரண்டாம் உலகப் போரில், பதினாறு வயதில், மாடு ஏற்றுகிற ரயிலில் ஏற்றி இங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவந்தார்கள். போர் முடிந்து திரும்பிப் போகப் பயம். அப்பாவும் அப்படி வந்தவர்தான். இதை இங்கே யாருக்கும் சொல்லாதே."

"ஏன் இவ்வளவு காலமும் மறைத்தாய்?"

"பள்ளிக்கூடத்தில் என்னை ரஷ்யக்காரி என்பார்கள். என்னோடு யாரும் இருக்கமாட்டார்கள். பதினைந்து வயதில் வேலைக்கு வந்தபோது சிலேசியா என்று சொன்னேன். அதற்குப் பிறகு நிம்மதியாய் இருந்தது."

பிறகு, துவாயை மறுபடி கையிலெடுத்தபடி, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள். "அம்மாவின் சட்டையில் மூன்று எழுத்துத் தைத்து விட்டிருந்தார்கள், கிழக்குக்காரி என்று தெரிவதற்கு. இப்போது வந்த இவர்களை ரயில் நிலையத்தில் பூங்கொத்தோடு வரவேற்கிறார்கள். எனக்குச் சந்தோசப்படத்தான் வேண்டும். வரமாட்டேன் என்கிறது."

நான் அடுத்த துவாயை எடுத்து மடித்தேன். பேசியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்களுக்கு வந்த கையோடு வதிவிட அனுமதி, வேலை செய்யலாம், விரும்பிய ஊருக்குப் போகலாம். எங்களுக்கு டுல்டுங் என்று ஒரு கடதாசி தந்தார்கள். அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். பதினொரு வருடம் பொறுத்துக்கொண்டார்கள். அந்தக் கடதாசியோடு மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஊன்ட்றொப்பில் அம்மன் கோயில் தேருக்கு எல்லாரும் போவார்கள். எங்களிடமிருந்து பேருந்தில் அரை மணித்தியாலம்தான், ஆனால் அது வேறு நிர்வாகம். ஒருமுறை துணிந்து போனேன். வயிற்றில் பிள்ளை. வழியில் பொலிஸ் ஏறிக் கடதாசி கேட்டது. எல்லாரும் பார்க்க என்னை இறக்கி, பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் இருத்தி விரல் அடையாளம் எடுத்து, திரும்ப அனுப்பினார்கள். பட்டுச்சேலையோடு நான் அந்த வாங்கில் இருந்தது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. குண்டுக்குத் தப்பி வந்த ஒரு தாயைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததென்றால், அந்த வாங்கிலிருந்து வந்த எரிச்சல் அது. நியாயம் என்று சொல்லவரவில்லை. வந்தது.

ஆக, மகள் ஆட்கள் தேடியபோது எனக்கு இந்தச் சிநேகிதிதான் நினைவுக்கு வந்தாள். சொல்லாதே என்றவளிடம் போய்க் கேட்டேன். இரண்டு கிழமை யோசித்தாள். "பெயர் வராதா?" என்று கேட்டாள். "வராது, நான் பொறுப்பு" என்றேன். அவளுக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. சொல்லாமலே செத்துப்போக விருப்பமில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

முதலில் வீட்டுச் சொந்தக்காரரிடம் போனோம். ஒரு ஞாயிறு பின்னேரம். அவர் கேக் வாங்கி வைத்திருந்தார், சட்டைக்கு மேலே கோட் போட்டிருந்தார். மகள் கேட்கக் கேட்க ஒழுங்காகச் சொன்னார். தாத்தா மலையடிவாரத்து ஏழைக் குடும்பத்தில் எட்டாவது பிள்ளை. பால் கறக்கத் தெரியும் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் பெரிய பண்ணைகளில் மாடு பார்க்கச் சுவிஸ்காரரைத்தான் தேடி எடுப்பார்களாம். அதனால் மாட்டுத் தொழுவத்துக்குப் பொறுப்பானவன் எந்த நாட்டவனாக இருந்தாலும் அவனுக்குப் பெயர் 'சுவைட்சர்'. பட்டணத்துக்கு வெளியே ஆற்றோரம் இருந்த பெரிய பண்ணைக்குத் தாத்தா அப்படித்தான் வந்தார். அவருக்குப் பிறகு அப்பா அங்கேயே தலைமைச் சுவைட்சர்.

"போர்க் காலத்தில் உங்கள் அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"அப்பாவிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. நடுநிலை நாடு. படைக்குப் போகவேண்டியிருக்கவில்லை. மாடுகளோடே இருந்தார்."

போர் முடிந்ததும் பண்ணைக்காரர் மாடுகளை விற்றபோது அப்பா சிலதை வாங்கினார், பால்கடை போட்டார், கடையைச் சுற்றிக் காணி வாங்கினார். பட்டணம் அந்தப் பக்கம் வளர்ந்தது. மகன் இவர் படித்து நில அளவையாளர் ஆனார். இவருடைய மகள் பல் வைத்தியர், மகன் அதே சுவிஸ் கடவுச்சீட்டோடு சூரிச்சில் வேலை. மூன்று வீடுகள். "எல்லாம் உழைப்பு. நாங்கள் யாரிடமும் கைநீட்டவில்லை" என்றார். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் அப்படித்தான் என்று பாராட்டுகிற மாதிரி.

பிறகு ஒரு பழைய படம் எடுத்துவந்தார். தொழுவ வாசலில் வெள்ளை மேலங்கியோடு அவருடைய அப்பா. அவர் பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஐந்தாறு இளம்பெண்கள்.

"இவர்கள் யார்?" என்றாள் மகள்.

"உதவிக்கு இருந்த பிள்ளைகள். கிழக்கிலிருந்து வந்தவர்கள். அப்பா அவர்களை நன்றாக நடத்தினார்."

மகள் எழுதிக்கொண்டாள். நான் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை என் சிநேகிதி வீட்டுக்குப் போனோம். ரயில் பாதையோரம், போருக்குப் பிறகு 'நாடற்ற வெளிநாட்டவர்' என்று பெயர் வைத்த ஆட்களுக்காகக் கட்டின தொடர் வீடுகள். அவள் பிறந்ததும் அங்கே, இருப்பதும் அங்கே. இரண்டு அறை. அப்பா சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சில் கரிபடிந்து ஐம்பத்திரண்டு வயதில் போனார். அம்மா பள்ளிக்கூடம் கூட்டினாள். இவள் கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் மேல்படிப்புக்குச் சிபாரிசு எழுதிக் கொடுக்கவேண்டிய ஆசிரியர், "உங்கள் வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு எழுதவில்லை. இவளுடைய இரண்டு மகன்மாரும் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைக் கூட முடிக்கவில்லை. ஒருவன் லொறி ஓடுகிறான், மற்றவன் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறான்.

"அம்மா எங்கே வேலை செய்தார்?" என்று மகள் கேட்டாள்.

"ஆற்றோரப் பண்ணையில். தொழுவத்தில்."

மகளின் பேனா ஒரு கணம் நின்றதை நான் கண்டேன்.

"பால் கறக்கிறவர்களுக்குப் பால் குடிக்கத் தடை. அம்மா ஒருநாள் பசியில் வாளியிலிருந்து இரண்டு வாய் குடித்துவிட்டாள். சுவைட்சர் கண்டுவிட்டான். கறக்கும்போது இருக்கிற முக்காலியால் தலையில் அடித்தான். இடது காது அன்றைக்குப் போனது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மாவோடு கதைப்பதென்றால் வலது பக்கம் போய் நின்றுதான் கதைப்பேன்."

"அந்தச் சுவைட்சரின் பெயர் தெரியுமா?"

"அம்மா பெயர் சொன்னதில்லை. சுவைட்சர் என்றுதான் சொல்வாள்."

திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓடினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது மகள் சொன்னாள்.

"அம்மா, இதை நீங்கள் ஆருக்கும் சொல்லக்கூடாது. ரெண்டு பேருக்கும் ரகசியம் காப்பாத்துவன் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறன்."

"அவ என்ரை சிநேகிதி பிள்ளை. அவவின்ரை தாய்க்கு அடிச்சவன்ரை மகன் எங்கடை வீட்டுக்குக் கீழை இருக்கிறான்."

"அவரின்ரை தேப்பன்தான் அடிச்சவர் எண்டு எங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ? அந்தப் பண்ணையிலை ரெண்டு மூண்டு பேர் வேலை செய்திருக்கலாம்."

அவள் சொன்னது சரி. எனக்கும் அது வசதியாக இருந்தது. மகளின் கையெழுத்துக்காக மட்டும் நான் வாயை மூடவில்லை, அதை இங்கே எழுதிவிடுகிறேன். இந்தப் பட்டணத்தில் எங்களுக்கு இன்னொரு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிறகு மடிப்பு மேசையில் சிநேகிதி ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள், "மற்றப் பக்கத்துக்கு யாரைப் பிடித்தாள் உன் மகள்?" என்று. "யாரோ பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஆட்களாம்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

ஆய்வு முடிந்தது, மகளுக்கு மிக நல்ல புள்ளி. சுவிஸ் வழியினர் கடவுச்சீட்டையும் தொழிலையும் மூலதனமாக்கினார்கள் என்றும், உக்ரேனிய வழியினர் தங்களுக்குப் போட்ட முத்திரையைப் பிள்ளைகளுக்கும் விட்டுப்போனார்கள் என்றும் நல்ல ஜெர்மனில் எழுதியிருந்தாள். இரண்டு குடும்பமும் ஒரே தொழுவத்தில் நின்றவை என்பது மட்டும் அதில் இல்லை. அதை எழுதினால் ஆட்கள் யாரென்று தெரிந்துவிடும். பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நூற்றுச்சொச்சம் பக்கத்தில் இல்லாத அந்த ஒரு விசயம்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது.

அடுத்த வசந்தத்தில் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுபத்தைந்து வயது. உள்ளூர்ப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டார்கள்: பால் கறக்க வந்தவரின் பேரன், வெளியிலிருந்து வந்து இந்த மண்ணோடு ஒன்றாகிப்போன குடும்பம் என்று. நடுவில் அந்தத் தொழுவப் படம்.

மறுநாள் காலை சிநேகிதி பத்திரிகையை மடிப்பு மேசையில் விரித்து வைத்தாள். விரலால் ஒரு பெண்ணைத் தொட்டாள். ஓரத்தில் நின்றவள், முகத்தை ஒரு பக்கம் சற்றுத் திருப்பியிருந்தாள்.

"இது அம்மா" என்றாள். "பக்கத்தில் நிற்பவரின் மகன்தான் உன் வீட்டுச் சொந்தக்காரர்."

நான் துவாயைப் பிடித்தபடி நின்றேன்.

"உன் மகள் பிடித்த ஆள் இவர்தானே?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஜெர்மனில் சொன்னேன்.

"என் வீட்டுக்கு வந்த அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும்."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. "எனக்கு நீ யாரோ பல்கலைக்கழகத்து ஆள் என்று சொன்னாய்" என்றாள். பத்திரிகையை நான்காய் மடித்துப் பையில் வைத்தாள். அன்றைக்கு ஈரப் போர்வைகளை நானே தூக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மணி அடித்தது. கீழ்வீட்டு மணி. யன்னலால் பார்த்தேன். நல்ல உடுப்போடு சிநேகிதி நின்றாள். நான் இறங்கிப் போயிருக்கவேண்டும். படியின் பாதியில் நின்றுவிட்டேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். உள்ளே வாருங்கள், கோப்பி குடியுங்கள் என்றார். அவள் வாசலிலேயே நின்று படத்தைக் காட்டி, இது என் தாய், உங்கள் தகப்பன் அடித்து அவளுக்குக் காது போனது என்றாள். அவர் பத்திரிகையை வாங்கி விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மன்னிக்கவேண்டும். என் அப்பா ஒரு மாட்டைக் கூட அடித்ததில்லை. அது வேறு யாராவதாக இருக்கும்" என்றார்.

"அம்மா பொய் சொல்லவில்லை."

"பொய் என்று நான் சொல்லவில்லை. மனிதருக்கு நினைவு மாறிப்போகும். அது கஷ்டமான காலம், எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் இல்லை" என்றாள் அவள். "நாங்கள் இரண்டு பேரும் வெளிநாட்டுக்காரரின் பிள்ளைகள்தான். உங்களுக்கு மூன்று வீடு. நான் உங்கள் வீடொன்றுக்கு ஒருமுறை விண்ணப்பம் போட்டிருக்கிறேன், தெரியுமா? ரயில் பாதையோரம் என்று விலாசத்தைப் பார்த்ததும் உங்கள் கந்தோரிலிருந்து இல்லை என்று கடிதம் வந்தது."

அதற்கு அவர் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் போகும்போது மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் படியில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவர் என்னை வாசலில் மறித்தார். "அந்தப் பெண்ணுக்கு உடம்பு சுகமில்லைபோல. பழையதைக் கிளறி என்ன பலன்? நீங்கள் போரிலிருந்து வந்தவர், உங்களுக்குத்தான் இது விளங்கும்" என்றார்.

எனக்கு விளங்கியது வேறு. சொல்ல ஆயிரம் சொல் இருந்தது. அவருடைய மொழியில் சொல்லவும் எனக்குத் தெரியும். நான் தலையாட்டிவிட்டுப் படியேறினேன்.

சிநேகிதி ஓய்வுபெறும் நாளுக்கு முன்னரே, மிச்சமிருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். இல்லத்தில் வாங்கிவைத்த பூங்கொத்தை யாரும் எடுக்க வரவில்லை. வடை சுட்டுக்கொண்டு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். மகன் வந்து கதவைத் திறந்தான். "அம்மா உங்களைப் பார்க்க விரும்பவில்லை" என்றான். கடுமையாகச் சொல்லவில்லை. வடைப் பொட்டலத்தையும் வாங்கவில்லை. சந்தையில் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். ஒருமுறை ஒரே மரக்கறிக் கடையில் நின்றோம். அவள் தனக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் விசயமெல்லாம் சொன்னேன். "நான் கேட்டதாலைதானே அம்மா" என்றாள். இல்லை என்றேன். நான் சொன்ன பொய்க்கு அவள் பொறுப்பில்லை.

போன மாதம் கணவரிடம் இந்த வீட்டை விட்டுப் போவோம் என்று சொன்னேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்கை போறது? இப்ப ஆர் எங்களுக்கு வீடு தரப்போயினம்?"

"தேடிப் பாப்பம்."

"நீ தேடு" என்றார்.

இரண்டு நாள் கணினியில் தேடினேன். ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். திருப்பி எடுக்கிறோம் என்றார்கள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் தேடவில்லை. நேற்றுக் காலை கீழே அவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.